வயதுக்கு வருவதும் கொழுப்பும்: லெப்டின் கதை

உடம்பில் சேரும் கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஒரு பெண் எப்போது வயதுக்கு வருகிறாள் என்பதில் அந்தக் கிடங்குக்கும் பங்கு உண்டு என்று தெரியவந்த கதையைத்தான் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன்.

ரோஸ் ஃபிரிஷிடமிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் அலமாஸ் அணுகுண்டுத் திட்டத்தில் கணக்குப் போடும் வேலை பார்த்தவர். பிறகு ஹார்வர்டில் சிறுமிகளின் உயரம், எடைப் பதிவுகளை அலசியபோது ஒன்று கண்ணில் பட்டது. சீக்கிரம் பூப்பெய்தியவர்களும் சரி, தாமதமாகப் பூப்பெய்தியவர்களும் சரி, அப்போதைய சராசரி எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: சுமார் 47 கிலோ. 1970இல் ரோஜர் ரெவெல்லுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். 1974இல் இன்னும் ஒரு படி போய், விஷயம் எடையில் இல்லை, கொழுப்பில்தான்; உடல் எடையில் 17 சதவீதமாவது அது வேண்டும் என்றார்.

அவர் சொன்ன காரணம் எளிது. ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 50,000 கலோரி செலவு, பால் கொடுக்க அதற்கு மேல். கையிருப்பு இல்லாமல் உடம்பு அந்தச் செலவில் இறங்குமா?

எதிர்ப்பும் பலமாகத்தான் இருந்தது. சராசரி ஒன்றாக இருக்கலாம், தனித்தனியாகப் பார்த்தால் எடை ஆளுக்கு ஆள் மாறுகிறதே என்றார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு யார் சொல்வது?

பதில் எலியிடம் இருந்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இலேயே ஒரு குண்டு எலி வகை தோன்றியிருந்தது. ஓயாமல் தின்னும், குட்டி போடாது. டக்ளஸ் கோல்மன் அதன் ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியோடு இணைத்துப் பார்த்தார். குண்டு எலி தீனியைக் குறைத்துக்கொண்டது! அப்படியென்றால் ரத்தத்தில் ஏதோ ஒரு தகவல் ஓடுகிறது, குண்டு எலிக்கு அது இல்லை. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் அந்த ஹார்மோன்தான் லெப்டின். 1996இல் லெப்டின் கொடுத்ததும் மலட்டுப் பெண் எலிகள் குட்டி போட்டன. 1997இல் சாதாரண எலிகளுக்குக் கொடுத்தபோது முன்கூட்டியே பருவமடைந்தன.

அப்போ லெப்டின்தான் எல்லாமா? அதுவும் இல்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது, பருவ வயதை நெருங்கியவர்களிடம் மட்டுமே பருவ மாற்றம் தொடங்கியது. சின்னக் குழந்தைகளிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆக, லெப்டின் ஒரு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். மூளைக்குள் பருவத்தைக் கிளப்பிவிடுவதில் கிஸ்பெப்டினுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது 2003இல்தான் தெரியவந்தது.

பருமனான சிறுமிகள் சராசரியாகக் கொஞ்சம் முன்னதாகப் பூப்பெய்துகிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக, சீக்கிரம் வயதுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் சாப்பாட்டுத் தட்டையும் குற்றம் சொல்ல முடியாது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால், கையிருப்பு தீர்ந்த செய்தி மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதை அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் போவதுதான் சரி.