கடல் கடந்து வந்த மெட்டு

வானொலிப் பெட்டி வீட்டின் கடிகாரமாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்கள் குடியிருந்த வரிசை வீடுகளிலும், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்புற லயங்களிலும் பொழுது புலர்ந்ததையும் அடங்கியதையும் அறிவித்தது அதுவே. செய்தியும் பாடலும் நாடகமும் முடிந்து, அறிவிப்பாளர் வணக்கம் கூறி விடைபெற்றபின், அன்றைய ஒலிபரப்பின் இறுதியில் நாட்டுப்பண் ஒலிக்கும். மலாய்மொழி அறிந்தவரும் அறியாதவரும் அதன் முதல் ஒலியிலேயே அதனை அடையாளம் கண்டுகொள்வர். 'நெகாராக்கூ' என்றால் 'என் நாடு' என்பது பொருள்.

அதே மெட்டை எதிர்பாராத இடத்தில் கேட்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? 1947ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த இசைத்தட்டு ஒன்று உண்டு. பெலிக்ஸ் மெண்டல்சன் என்பவர் தலைமையேற்று நடத்திய ஹவாய்ப் பாணி இசைக்குழுவினர் அதனை இசைத்தனர். 'மமுலா மூன்' என்பது அப்பாடலின் பெயர். வழுக்கி இழையும் கித்தாரின் ஒலி, தென்னை மரங்களையும் கடற்கரை மணலையும் நினைவூட்டும் மெல்லிய தாளம், நடனக்கூடத்தில் கைகோத்து ஆடுவதற்கு ஏற்ற நடை. ஆயினும் மெட்டு என்னவோ 'நெகாராக்கூ'வின் மெட்டுத்தான்! அந்த இசைத்தட்டைக் கேட்கும் மலேசியர் எழுந்து நிற்பதா, இருந்த இடத்திலேயே தாளம் போடுவதா என்று திகைத்துப் போவார்.

இசைத்தட்டு வெளிவந்தது 1947இல். மலாயா விடுதலை பெற்றது 1957இல். ஆகவே, இலண்டன் குழுவினர் ஒரு நாட்டின் பண்ணை நடனப்பாட்டாக்கிவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. நடனப்பாட்டாக உலவிய மெட்டுத்தான் பின்னர் நாட்டுப்பண்ணாக உயர்ந்தது. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது, யார் யார் வாயில் புகுந்து புறப்பட்டது என்பது அறியத்தக்க வரலாறு.

தீவாந்தரம் சென்ற மன்னர்

இவ்வரலாறு பேராக் மாநிலத்தில் தொடங்குகிறது. 1874ஆம் ஆண்டு ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி ராஜா அப்துல்லா பேராக்கின் சுல்தானாக ஏற்கப்பட்டார். ஆங்கிலேய ஆலோசகராக ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் வந்தமர்ந்தார். வரி வசூலிலும் ஆட்சி நடைமுறையிலும் அவர் காட்டிய கடுமை மலாய்த் தலைவர்களின் சினத்தை வளர்த்தது. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டார். அக்கொலையில் தொடர்புடையவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட சுல்தான் அப்துல்லா, 1877இல் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள செஷல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்.

செஷல்ஸ் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதிலும், முன்னர்ப் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இடம். மக்களின் பேச்சிலும் பாட்டிலும் பிரெஞ்சு மணமே வீசியது. அங்கே வழங்கிய 'லா ரோசலி' என்ற பாட்டின் மெட்டு, பல்லாண்டு அங்கே வாழ நேர்ந்த மன்னர் குடும்பத்தாரின் செவிகளில் தங்கிவிட்டது என்பர். அம்மெட்டைப் பெராங்ஷே (1780–1857) என்னும் பிரெஞ்சுப் பாவலரின் பெயரோடு இணைத்துக் கூறுவது மரபு.

அம்மெட்டு பேராக்கின் பண்ணானதைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று வழங்குகிறது. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்காகப் பேராக் சுல்தான் இத்ரிஸ் இங்கிலாந்து சென்றபோது, வரவேற்பில் இசைப்பதற்கு உங்கள் நாட்டின் பண் யாது என்று அங்குள்ள அதிகாரி வினவினாராம். பேராக்கிற்கு அப்போது பண் என்று ஒன்றில்லை. இல்லை என்று சொல்லித் தலைகுனிய மனமின்றி, உடன் சென்றிருந்த அப்துல்லாவின் மைந்தர் தாம் அறிந்த செஷல்ஸ் மெட்டை முணுமுணுத்துக் காட்டினாராம். இச்செய்தியை ஆண்டையும் ஆளையும் மாற்றிச் சொல்வாரும் உளர். எவ்வாறாயினும், நாடுகடத்தப்பட்ட ஒரு மன்னரின் குடும்பம் துயரத்தினிடையே கேட்ட மெட்டே அம்மாநிலத்தின் அரச வாழ்த்தாக அமைந்தது. அப்பண் இன்றும் பேராக்கில் இசைக்கப்படுகிறது.

நிலவொளியில் ஒரு பாட்டு

அரண்மனைக்குள் புகுந்த மெட்டு அங்கேயே அடங்கிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'தெராங் புலான்' என்ற பெயரில் அது டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளிலும் மலாயாவிலும் மக்கள் பாடும் காதற்பாட்டாக உலவியது. 'ஒளிமிக்க நிலவு' என்பது அத்தொடரின் பொருள். விருந்துகளிலும் இரவுநேரக் கேளிக்கைக் கூடங்களிலும் அது இசைக்கப்பட்டது. அரசர்க்கு வாழ்த்தாகவும் ஆடுவோர்க்குக் களிப்பாகவும் ஒரே மெட்டு ஒரே காலத்தில் வாழ்ந்தது. இந்த நிலவுப் பாட்டின் வழியேதான் அது இலண்டன் இசைத்தட்டையும் சென்றடைந்தது.

514 மெட்டுகள்

விடுதலை நெருங்கியபோது மலாயாவிற்கு ஒரு பண் தேவைப்பட்டது. அதுவரை பள்ளி விழாக்களிலும் அரசு நிகழ்ச்சிகளிலும் இசைக்கப்பட்டது ஆங்கிலேய அரச வாழ்த்தே. புதிய நாட்டிற்குப் புதிய பண் வேண்டும் என்று உலகளாவிய போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. வந்து குவிந்தவை 514 மெட்டுகள். தேர்வுக்குழுவினரின் உள்ளம் அவற்றுள் ஒன்றிலும் நிறையவில்லை. பின்னர்ப் புகழ்வாய்ந்த இசையமைப்பாளர்களிடம் கேட்டனர். இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்ட்டன், இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணுக்கு உரியவராகிய சுபிர் சைட் ஆகியோர் ஆக்கித் தந்தனர். அவையும் ஏற்கப்படவில்லை.

பெருங்கலைஞர்களின் ஆக்கங்களில் குறை என்ன இருந்திருக்க முடியும்? அவற்றில் மண்ணின் சாயல் இல்லை என்பதே குறை. இறுதியில், துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு மாநிலப் பண்களின்பால் தன் செவியைத் திருப்பியது. 1957 ஆகஸ்டு 5ஆம் நாள் பேராக்கின் பண் தேர்ந்தெடுக்கப்பட்டது. சைபுல் பஹ்ரி முதன்மைப் பங்கேற்கப் புதிய சொற்கள் அதற்குப் புனையப்பட்டன. விடுதலைக்கு எஞ்சியிருந்தவை மூன்று வாரங்களும் சில நாள்களுமே!

ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் ஆங்கிலேயக் கொடி இறங்கியது, மலாயாக் கூட்டரசின் கொடி ஏறியது, 'நெகாராக்கூ' முழங்கியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு விடுதலைப் பிரகடனத்தை வாசித்து ஏழு முறை முழக்கமிட்டார். அதன்பின் அம்மெட்டைக் கேளிக்கைப் பாட்டாக இசைப்பது தடுக்கப்பட்டது. நிலவுப் பாட்டு மேடையிலிருந்து விடைபெற்றது. நாட்டின் பாட்டு வானொலியில் குடியேறியது.

மண்ணின் சாயல் வேண்டித் தேடியவர்கள் கண்டெடுத்தது கடல்கடந்து வந்த ஒரு மெட்டு என்பது வியப்பே. ஆயினும் அவர்கள் தேர்வு பிழையன்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலாய் மக்களின் நாவில் பழகிய மெட்டு அது. பிறந்த இடத்தால் அன்றிப் பழகிய இடத்தால் அது மண்ணின் மெட்டாகிவிட்டிருந்தது.

தமிழர்க்குப் புதிதன்று

இவ்வாறு மெட்டு இடம் மாறுவது தமிழிசை வரலாற்றுக்குப் புதியதன்று. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வாத்தியக் குழு இசைத்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டார். அவற்றை அந்நியம் என்று ஒதுக்காமல், அம்மெட்டுகளில் தெய்வங்களைப் போற்றும் சாகித்தியங்களை வடமொழியில் இயற்றினார். ஏறத்தாழ நாற்பது 'நோட்டுசுவர' உருப்படிகள் அவ்வாறு அமைந்தன. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. அரசரை வாழ்த்திய மெட்டு அம்பிகையைத் துதித்தது! அதே மெட்டு ஐரோப்பாவின் சிறு நாடாகிய லீக்டென்ஸ்டைனுக்கு இன்றும் நாட்டுப்பண்ணாக இருந்துவருகிறது.

தாய்நாட்டுச் செய்திக்காகச் சிற்றலையில் செவிசாய்த்த மலாயாத் தமிழர் கேட்ட அகில இந்திய வானொலியின் அடையாள இசையும் இத்தகையதே. வயலினும் தம்புராவும் இழையும் அவ்விசையில் சிவரஞ்சனியின் உருக்கத்தைக் கேட்டவர், அதனை இந்திய வித்துவான் ஒருவரின் ஆக்கமென்றே எண்ணியிருப்பர். அதனை அமைத்தவர் வால்ட்டர் காப்மன் என்றே பெரும்பாலோர் கூறுகின்றனர். 1907இல் பிறந்த அவர், யூத குலத்தவர். இட்லரின் கொடுமை ஐரோப்பாவைச் சூழத் தொடங்கியபோது, 1934இல் பம்பாய்க்கு வந்து அடைக்கலம் புகுந்தவர். வீட்டை இழந்து வந்த ஒருவர் அமைத்த இசை, கோடிக்கணக்கான வீடுகளின் விடியற்கால ஒலியாயிற்று. நாடுகடத்தப்பட்டவரின் செவி வழியே வந்த மெட்டு ஒன்று. நாடிழந்தவரின் கைவழியே வந்த மெட்டு மற்றொன்று. பிரிக்பீல்ட்சு வீடுகளில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டும் ஒலித்தன.

எழுந்து நின்றவர்கள்

அந்த வீடுகளில் இருந்தவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள். அல்லது அவர்களின் மக்கள். அத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் பெற்றது. இரயில் பாதையைப் பதித்தவர்களும், இரப்பர் மரங்களைச் சீவியவர்களும், அவர்களின் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளித் திடலில் கொடிக்கு முன் நின்று 'என் நாடு' என்று பாடினர்.

பாடியவர் அனைவரையும் சட்டம் ஒருங்கே ஏற்றுக்கொண்டதா? விடுதலைக்குப்பின் கூட்டரசில் பிறந்த குழந்தைகள் அக்காலச் சட்டப்படி குடிமக்களாயினர். முன்பே குடியேறிய பெரியவர்களுள் பலர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதோரும், எழுதப் படிக்கத் தெரியாதோரும், விண்ணப்பத்தின் அருமையை உணராதோரும் தோட்டங்களில் மிகுதி. அவர்கள் கையில் தங்கியது சிவப்பு அடையாள அட்டை.

1968ஆம் ஆண்டு இரண்டு சட்டங்களைக் கண்டது. நாட்டுப்பண் சட்டம் ஒன்று. 'நெகாராக்கூ' ஒலிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும், வேண்டுமென்றே அவமதிப்போர்க்கு நூறு வெள்ளி வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றும் அது கூறியது. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மற்றொன்று. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்று அது விதித்தது. 1969க்குப் பின் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்பிழந்தனர். 'இராஜூலா' போன்ற கப்பல்களில், இளமையில் வந்த வழியே முதுமையில் திரும்பினர். அவர்களும் அந்த மெட்டுக்கு எழுந்து நின்றவர்களே. ஒரு மெட்டுக்குக் கிடைத்த குடியுரிமை அதற்கு எழுந்து நின்றவர்க்குக் கிடைக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் ஆறாத வடு.

எஞ்சியோர் நிலைத்தனர், அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதே பண்ணைப் பாடி வளர்கின்றனர். 1992இல் அப்பண் விரைந்த அணிநடையாக மாற்றப்பட்டபோது, பழகிய மெட்டே அயலாய் ஒலிப்பதாக மக்கள் உணர்ந்தனர். 2003இல் பழைய நடை மீட்கப்பட்டது. உரிமை என்பது இதுதான். பிறர் மெட்டின் நடை மாறினால் எவரும் வருந்துவதில்லை. தம் மெட்டு மாறினால்தான் செவி உறுத்துகிறது.

2009இல் இந்தோனேசியாவில் 'தெராங் புலான்' இசைப்பதிவு ஒன்றைச் சுட்டி, மலேசியா எங்கள் பாட்டை எடுத்துக்கொண்டது என்று சிலர் வழக்குரைத்தனர். செஷல்ஸ் தீவினரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வழக்கில் சேர்ந்துகொள்ள இடமுண்டு! மெட்டின் வேரைத் தேடிச் சென்றால் கடலுக்குக் கடல் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது யாருக்கு உரியது என்பதற்கு விடை அதன் வேரில் இல்லை. எவர் அதற்காக எழுந்து நிற்கிறாரோ, எவர் தம் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கிறாரோ, அவர்க்கே அது உரியது.

மெட்டுக்குப் பொருந்தும் இந்த நீதி மனிதர்க்கும் பொருந்தும். எங்கிருந்து வந்தாய் என்ற வினாவை மலேசியத் தமிழரை நோக்கித் தொடுப்போர் இன்னும் உளர். அவர்கள் கேட்டு வளர்ந்த நாட்டுப்பண்ணும் கப்பலேறி வந்ததே என்பதை அவ்வினாவுக்கு விடையாகச் சொல்லலாம்.