கல்விக்காக ஆடிய மேடை

கட்டட நிதிக் கலைவிழாவுக்கு ரிக்கற் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் நம்மில் பலர். இந்த வழக்கத்துக்குப் பெரியதொரு முன்மாதிரியை இலங்கை 1934இல் கண்டது.

அவ்வாண்டு மே மாதம் இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதன் மாணவ மாணவியருடன் கொழும்பில் வந்திறங்கினார். வயது 73. அவரது விசுவபாரதி பணமுடையில் இருந்தது. 'சாபமோசன்' என்ற நாட்டிய நாடகத்தை மேடையேற்றி அதற்கு நிதி சேர்ப்பது பயணத்தின் முக்கிய நோக்கம். யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்.

நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை பொதுமேடையில் ஆடுவதா என்று முகஞ்சுளித்த காலம் அது. படிக்கின்ற பெண்கள் தாங்கள் கற்கும் இடத்துக்காக, அந்தப் பெருங்கவிஞரின் முன்னிலையில் ஆடியதைக் கண்ட பிறகு அந்தப் பேச்சு கொஞ்சமாவது மழுங்கியிருக்கும். ரிக்கற் காசைவிட நமக்குக் கிடைத்தது அதிகம் என்பேன். மே 20ஆம் திகதி ஹொரணையில் வில்மட் பெரேரா தொடங்கிய ஸ்ரீ பாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் தாகூரே. பின்னாளில் நமது நடனக் கலைஞர் சித்திரசேனா சாந்திநிகேதன் சென்று பயின்றார்.

ஆயினும் தள்ளாத வயதில் அது பெரிய அலைச்சல். 1936இல் டில்லிக்கும் நிதி தேடி நாடகக் குழுவோடு போனார். அதைப் பொறுக்கமாட்டாத காந்தியடிகள் 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து, மிகுதிப் பயணத்தை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார். விசுவபாரதியின் பற்றாக்குறை அத்தோடு தீர்ந்தது. பணம் கொடுத்தவர் தம் பெயரை வெளியிடவில்லை.