ராமானுஜனின் கம்பளி – வெளிநாடு போகும் நண்பனுக்கு



என் வகுப்புத் தோழன் ஒருவன் அடுத்த மாதம் ஒரு செமஸ்டர் படிக்க இங்கிலாந்து போகிறான். குன்னத்தூரில் அவன் வீட்டில் பருப்புப்பொடி, ஊறுகாய், ஸ்வெட்டர் என்று பெட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. "வேற என்னடா எடுத்துக்கணும்?" என்று கேட்டான். எனக்கு நம்ம பக்கத்து ஈரோட்டில் பிறந்த ஒருவரின் கதைதான் நினைவுக்கு வந்தது.

கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் போய்ப் படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. கிளம்பும் முன் குடுமியை எடுத்தார்கள். கோட்டும் ஷூவும் போடவும், கத்தி, முள்கரண்டியால் சாப்பிடவும் பழக்கினார்கள். 1914 மார்ச் 17ல் சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14ல் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

ஆக, ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படுக்கையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

குளிர்காலத்தில் ஒருநாள் அவர் அறைக்குப் போன மகலனோபிஸ் (பின்னாளில் பெரிய புள்ளியியல் அறிஞர்), ராமானுஜன் கணப்பின் அருகே ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இரவில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு, சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவதாக ராமானுஜன் சொன்னார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் நிறையவே இருந்தன. மேல்விரிப்புக்குக் கீழே இறுக்கமாகச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளியின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

படிக்கும்போது சிரிப்பு வரும். பிறகு மனசு கனத்துப்போகும். உலகமே வியந்த கணக்குகளைப் போட்டவருக்கு, "இதில் எப்படிப் படுப்பது?" என்று ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லையே.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. சைவம்தான் சாப்பிடுவார், அதனால் தானே சமைத்துக்கொண்டார். வேலை மும்முரத்தில் சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்கில்லாமல் போனது. 1917ல் படுத்தவர் மருத்துவமனைகளிலேயே பல மாதங்கள் இருந்தார். காசநோய் என்று வைத்தியம் நடந்தது. 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி வந்தது. 1919ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ல் இறந்தபோது வயது 32. அது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994ல் ஓர் ஆய்வு சொன்னது. இந்தியாவிலேயே அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருந்ததைத்தான் அந்த ஆய்வு முக்கியத் தடயமாக எடுத்துக்கொண்டது.

இன்னொருவரையும் பாருங்கள். 1888ல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தியும் சைவம், வயதோ வெறும் 18. முதலில் அரைப் பட்டினிதான். வீட்டுக்காரம்மா, நகரத்தில் சைவ உணவகங்கள் உண்டு என்று சொல்லியிருந்தார். அதை நம்பி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார், ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னாளில் லண்டன் போகும் மாணவர்களுக்காக, துணிமணி முதல் வாரச் செலவு வரை எழுதி ஒரு வழிகாட்டியே தயாரித்தார். அது அப்போது அச்சாகவில்லை.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான்:

1. தெரியாததை முதல் வாரத்திலேயே கேள். புதுசாக வந்தவனை யாரும் முட்டாள் என்று நினைக்க மாட்டார்கள். ஹீட்டர், துவைக்கும் இயந்திரம், பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி.

2. உனக்கு முன்னால் வந்த நோய்களை எழுதி எடுத்துக்கொண்டு போ. டாக்டரிடம் காட்டு.

3. ரசமாவது வைக்கக் கற்றுக்கொள். பொடி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

4. "நல்லா இருக்கேன்" என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லாதே. நல்லா இல்லாத அன்றைக்கும் பேசு.

அவன் சிரித்துக்கொண்டே, "சரிடா, கம்பளிக்கு உள்ளேயே படுக்கிறேன்" என்றான். அது போதும் எனக்கு.