எட்டுப் பொத்தான்களில் ஓர் எழுதுமுறை: கேம் பாய் இசை மென்பொருள்களின் வரலாறு

நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்ட கேம் பாய், விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவி. அதில் இசையமைக்க, நிறுவனத்தின் அனுமதி எதுவுமின்றித் தனியாட்கள் மென்பொருள்களை எழுதினார்கள். இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுவதுண்டு: பழைய விளையாட்டுகளின் மீதான ஏக்கம், கேம் பாய் சிப்பின் தனித்த ஒலி. ஏக்கம் என்ற விளக்கம் காலக்கணக்கோடு ஒத்துப்போவதில்லை. இந்த மென்பொருள்களில் முக்கியமான இரண்டும் 1998க்கும் 2000க்கும் இடையே பிறந்தவை. அப்போது கேம் பாய் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. ஒலி என்ற விளக்கம் சரியானது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இவ்வரலாற்றில் உண்மையில் வளர்ந்தது, சிறு திரையிலும் சில பொத்தான்களிலும் இசையை எழுதும் ஒரு முறை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கருவியின் ஒலியமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொத்தம் நான்கு ஒலித்தடங்கள். இரண்டு, சதுர அலை வகையைச் சேர்ந்தவை. அவற்றின் துடிப்பு அகலத்தை நான்கு விதமாக மாற்றலாம். மூன்றாவதில் நிரலாளர் தாமே அலைவடிவத்தை வரையலாம். ஆனால் அதற்கு 32 புள்ளிகள்தான் உண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரநிலைகள்தான். நான்காவது இரைச்சல், தாளக் கருவிகளின் இடத்தை நிரப்புவது. ஹெட்போன் மாட்டினால் ஸ்டீரியோவில் கேட்கும். இவற்றை இயக்கும் செயலி ஏறத்தாழ 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. வேலை நினைவகம் 8 கிலோபைட். திரை 160க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள். உள்ளீட்டுக்கு நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட்: ஆக எட்டு.

வெளியாட்கள் இதற்குள் நுழைய முதலில் தகவல் தேவைப்பட்டது. பான் என்ற புனைபெயரில் ஒருவர் 1995இல் தொகுக்கத் தொடங்கிய தொழில்நுட்பக் குறிப்புகள் இன்றும் பலரால் திருத்தப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளன. அடுத்த தடை கருவிக்குள்ளேயே இருந்தது. கேம் பாயை இயக்கியவுடன், கார்ட்ரிட்ஜில் உள்ள நிண்டெண்டோ சின்னத்தின் 48 பைட்டுகளை அது தன் பிரதியோடு ஒப்பிடும்; பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் எழுதிய நிரலும் அந்த 48 பைட்டுகளைச் சுமந்தாக வேண்டும். அழித்து எழுதக்கூடிய பிளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் சந்தைக்கு வந்தபின் எஞ்சிய வழியும் திறந்தது.

ஹாம்பர்க் நுண்கலைக் கல்லூரி மாணவராக இருந்த ஆலிவர் விட்சோ 1998இல் உருவாக்கிய நானோலூப், எழுத்துகளை முடிந்தவரை ஒதுக்கிய மென்பொருள். திரையில் நான்குக்கு நான்காக 16 கட்டங்கள். ஒவ்வொன்றும் தாளச் சுற்றின் ஒரு படி. சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் ஒரு கட்டத்தின் சுருதியையோ ஒலியளவையோ மாற்றும். மாற்றம் அடுத்த சுற்றிலேயே காதில் விழும். எழுதுவதும் வாசிப்பதும் இங்கே ஒரே செயல். கல்லூரியின் ஓவியச் சூழலிலிருந்து வந்த இந்த எளிமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் வெளியிட்ட லிட்டில் சவுண்ட் டிஜே வேறு மரபில் வந்தது. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் தொடங்கிவைத்த டிராக்கர் முறையில் ஸ்வரங்கள் மேலிருந்து கீழாக ஓடும் எண்பட்டியலாக நிற்கும். அந்த முறைக்கு முழு விசைப்பலகையும் அகன்ற திரையும் தேவை. கோட்லின்ஸ்கிக்கு அவை இரண்டும் இல்லை. அவர் பாடலை அடுக்குகளாகப் பிரித்தார்: 16 வரிகள் கொண்ட சொற்றொடர், சொற்றொடர்கள் கோத்த சங்கிலி, சங்கிலிகள் கோத்த பாடல். செலக்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் போனால் பாடலிலிருந்து சங்கிலிக்கும், சொற்றொடருக்கும், அதில் ஒலிக்கும் கருவிக்கும் இறங்கலாம். ஏ பொத்தானோடு திசையை அழுத்தினால் எண் மாறும். ஒரே சொற்றொடரைப் பல இடங்களில் சுட்டலாம் என்பதால் நினைவகமும் மிச்சம். நினைவகத்தின் வறுமையும் பொத்தான்களின் வறுமையும் சேர்ந்து தெளிவான படிநிலையைப் பெற்றெடுத்த இடம் இது. இவ்வரலாற்றின் மையம் என்றே இதைக் கருதுகிறேன்.

ஒலித்தடங்களின் குறைவையும் இதே குறியீட்டுமுறை தாண்டியது. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் ஒலிக்கும். சொற்றொடரின் ஒரு வரியில் சி கட்டளையோடு 37 என்று எழுதினால் மூலஸ்வரம், அதற்கு மேலே 3ஆவது அரைச்சுரம், 7ஆவது அரைச்சுரம் மூன்றும் மின்னல் வேகத்தில் மாறி மாறி ஒலிக்கும். காது அதை மைனர் கார்டாக ஏற்றுக்கொள்ளும். 47 என்றால் மேஜர். அலைவடிவத் தடத்தின் புள்ளிகளை இடைவிடாமல் மாற்றி எழுதி, பதிவுசெய்த முரசொலிகளையும் அதில் ஒலிக்கவிட்டார்கள். பாடல்கள் மின்கலத்தால் தாங்கப்படும் நினைவகத்தில் தங்கின. மின்கலம் தீர்ந்தால் பாடலும் போயிற்று. எத்தனை படைப்புகள் இப்படி மறைந்தன என்பதை எண்ணினால் ஆவணக்காப்பாளர்களுக்கு நெஞ்சு பதறும்.

கேட்பவர்கள் பிறகே வந்தார்கள். பங்க் இசையோடு இணைத்துப் பேசப்படும் மால்கம் மெக்லாரன் 2003இல் ஒயர்டு இதழில் இவ்விசையைக் கொண்டாடி எழுதினார். நியூயார்க்கில் 2006இல் இவ்விசைக்கான பிளிப் விழா தொடங்கியது. இந்தப் புகழ்க்காலம் அதிகம் எழுதப்பட்டுவிட்டது. அதன் பின்னால் நடந்ததுதான் இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று.

ஒலியே எல்லாம் என்றால், கேம் பாயின் சிப் இல்லாத இடத்தில் இந்த மென்பொருள்களுக்கு வேலை இருந்திருக்கக் கூடாது. நடந்தது வேறு. நானோலூப் கைப்பேசிகளுக்குப் பெயர்ந்தது. கொரியாவின் ஜிபி2எக்ஸ் கைக்கருவிக்காக எழுதப்பட்ட லிட்டில்ஜிபிடிராக்கர், லிட்டில் சவுண்ட் டிஜேயின் சங்கிலி, சொற்றொடர் அமைப்பை முழுதாக எடுத்துக்கொண்டது. அதில் ஒலிப்பவை பதிவுசெய்த ஒலித்துண்டுகள், கேம் பாயின் சதுர அலைகள் அல்ல. கேம் பாயை மிடி கருவிகளோடு இணைக்கும் ஆர்டுயினோபாயை உருவாக்கிய டிமதி லாம்ப், பின்னர் டர்ட்டிவேவ் எம்8 என்ற தனி இசைக்கருவியையே வடிவமைத்தார். அதில் எஃப்எம் ஒலியாக்கமும் உண்டு, ஒலித்துண்டுகளும் உண்டு. விருப்பப்படி எத்தனை பொத்தான்களையும் அவர் வைத்திருக்கலாம். பாடல், சங்கிலி, சொற்றொடர் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் தேர்ந்தது எட்டு.