அகச்சிவப்பு ஒளிப்படக்கலை: வடிகட்டியும் நிறமாற்றமும்

அகச்சிவப்பு ஒளிப்படக்கலை என்பது சிவப்புக்கு அப்பால், ஏறத்தாழ 700 முதல் 1,100 நானோமீற்றர் வரையான அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படமாக்கும் முறை. உடற்சூட்டைக் காட்டும் வெப்பப் படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பதிவாவது பொருள்களில் பட்டுத் திரும்பும் வெயில்தான். அந்த ஒளிக்கு மனிதக் கண் அறிந்த நிறம் கிடையாது. ஆகவே இத்தகைய படத்தில் தெரியும் நிறம் எதுவானாலும் அது யாரோ கொடுத்த நிறம். பிலிமைச் செய்த வேதியியலாளரோ, வடிகட்டியைத் தெரிந்தெடுத்த படப்பிடிப்பாளரோ, கணினியின் முன் அமர்ந்தவரோ அதைத் தீர்மானித்திருப்பார். மற்ற ஒளிப்படங்களில் நிறத் திருத்தம் கடைசி நேர ஒப்பனையாக இருக்கலாம். இங்கே படத்தில் பாதி அதுதான்.

இந்த முறையின் பயனை விளக்க இலங்கையின் கேகாலை மாவட்டம் போல் பொருத்தமான நிலம் குறைவு. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய பக்கமுள்ள மலைச்சரிவுகளில் தேயிலை, இறப்பர், கித்துள், பலா, புதர்க்காடு என்று எல்லாமே பச்சை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இந்தப் பச்சைகளை அகச்சிவப்பு பிரித்துக் காட்டும்.

இலை வெளுப்பது ஏன்

இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. அகச்சிவப்பை அது தடுப்பதில்லை. உள்ளே நுழையும் அந்த ஒளி, இலையின் பஞ்சு போன்ற திசுவில் உயிரணுச் சுவர்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவே சிதறி, ஏறத்தாழப் பாதி அளவு வெளியே திரும்புகிறது. அதனால் நலமான இலை கறுப்பு வெள்ளைப் படத்தில் வெண்மையாகத் தெரியும். தெளிந்த நீர் அகச்சிவப்பை உறிஞ்சுவதால் கறுக்கும். மழைக்காலத்தில் களனி கங்கை மண் கரைந்து ஓடும்போது அதே நீர் சாம்பல் நிறமாகிவிடும். வறட்சியாலோ நோயாலோ இலையின் உள்ளமைப்பு குலைந்தால் திரும்பும் ஒளி குறையும்.

அகச்சிவப்பு மூடுபனியை ஊடுருவும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெயில் நாளில் தூரத்து மலையை நீலமாக மங்கச் செய்யும் மெல்லிய புகார், காற்றின் மூலக்கூறுகளாலும் நுண்துகள்களாலும் உண்டாவது. மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே 850 நானோமீற்றர் ஒளி, 425 நானோமீற்றர் நீல ஒளியைவிடப் பதினாறில் ஒரு பங்குதான் சிதறும். பத்தலேகல போன்ற தொலைக்குன்று அகச்சிவப்பில் கூர்மையாகத் தெரிவது இதனால்தான். காலையில் தோட்டத்தை மூடும் பனி அப்படியல்ல. அதன் நீர்த்துளிகள் இந்த அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எந்த வடிகட்டியாலும் அதை விலக்க முடியாது.

தொடக்கம்

1800இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்பைத் தாண்டிய இருட்டான இடத்தில் வெப்பமானியை வைத்தார். வெப்பம் கூடியது. ஆனால் அக்கதிரைப் பதிய ஒளிப்படத் தகடு இல்லை. பின்னர் வந்த தகடுகளின் வெள்ளி உப்புகளும் பெரும்பாலும் நீலத்துக்கே இணங்கின. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், பசையில் சாயம் கலந்தால் தகடு வேறு நிற ஒளிகளையும் ஏற்கும் என்று கண்டார். பின்வந்த அகச்சிவப்புத் தகடுகள் எல்லாம் இந்தச் சாயங்களின் வழியாகவே பிறந்தன. நிலக்காட்சிகளை அகச்சிவப்பில் எடுத்து 1910இல் வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வூட். கரிய வானத்தின் கீழ் வெண்மரங்கள் நின்ற அப்படங்களை எடுத்த அவர் பெயரால்தான் இலை வெளுப்பதை இன்றும் ‘வூட் விளைவு’ என்கிறார்கள்.

வண்ணம் புகுந்தது போரினால். இரண்டாம் உலகப் போரில் பச்சைச் சாயம் பூசிய மறைப்பு வலையையும் உயிருள்ள இலையையும் வானிலிருந்து பிரித்தறிய கோடக் நிறுவனம் ஒரு பிலிமை உருவாக்கியது. அதன் வழிவந்ததே ஏரோக்ரோம். அதன் மூன்று அடுக்குகளும் நிறங்களை ஒரு படி தள்ளிவைத்தன: பச்சை ஒளி நீலமாகவும், சிவப்பு பச்சையாகவும், அகச்சிவப்பு சிவப்பாகவும் பதிவாயின. உயிர் இலை செக்கச்செவேலென்று நிற்க, சாயம் பூசிய வலை நிறம் மாறித் தனித்துத் தெரிந்தது. மூன்று அடுக்குகளும் நீல ஒளியையும் ஏற்றுக்கொண்டதால், அதை அடைக்க லென்சின் முன் மஞ்சள் வடிகட்டி கட்டாயம். அதைச் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாற்றினால் படம் முழுவதும் வேறு நிறத்துக்குத் திரும்பும். கலைஞர்கள் பிடித்துக்கொண்டது இந்த விளையாட்டைத்தான். 1967இல் ஜிமி ஹென்றிக்ஸின் முதல் இசைத்தட்டின் அமெரிக்க உறைக்குக் கார்ல் ஃபெரிஸ் இந்த வகைப் பிலிமைப் பயன்படுத்தினார். அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மொஸ், கொங்கோவின் போர்நிலத்தை ரோசா நிறத்தில் எடுத்து 2013 வெனிஸ் கலைவிழாவில் வைத்தார். அதற்குள் ஏரோக்ரோம் உற்பத்தி நின்றுவிட்டிருந்தது.

காயங்குளத்துத் தென்னை

இந்தப் பிலிமின் வரலாற்றில் நம் பக்கத்துப் பெரும் நிகழ்வு 1970இல் கேரளத்துக் காயங்குளத்தில் நடந்தது. அங்கே தென்னைகளை வேர்வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. நோய் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று மரம் மரமாகப் பார்த்து முடிக்க இயலாது. ச. வெ. ராமனிடம் பயின்றவரும், புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநருமான பி. ஆர். பிஷரோட்டி, ஹெலிகொப்டரில் ஹாசல்பிளாட் கமராக்களைப் பொருத்தி, நாசாவின் உதவியோடு, அகச்சிவப்பு வண்ணப் பிலிமில் தோப்புகளை மேலிருந்து எடுக்கச் செய்தார். நலமான ஓலைக்கொண்டை படத்தில் அடர்சிவப்பாக விழுந்தது. நோய்கண்டதன் சிவப்பு மங்கியிருந்தது. ஒரு படத்தின் பொய்நிறம் உழவனின் மரத்தைப் பற்றி மெய்யான செய்தி சொன்னது. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் முதல் முயற்சியாக இதையே கொள்கிறார்கள். அத்துறையின் தந்தை என்ற பெயரும் பிஷரோட்டிக்கு நிலைத்தது. அத்துறைக்காக 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ செய்மதியின் நான்கு அலைப்பட்டைகளில் ஒன்று, 770 முதல் 860 நானோமீற்றர் வரையான அகச்சிவப்பு. என் பார்வையில், இக்கலையின் உலக வரலாற்றை எழுதுவோர் இசைத்தட்டு உறைக்குத் தரும் இடத்தைக் காயங்குளத்துத் தென்னைக்கும் தர வேண்டும்.

டிஜிட்டல் காலம்

டிஜிட்டல் கமராவின் சிலிக்கன் உணரி இயல்பாகவே ஏறத்தாழ 1,100 நானோமீற்றர் வரை ஒளியை ஏற்கும். வழக்கமான படங்களின் நிறம் கெடாதிருக்க, உற்பத்தியாளர்கள் உணரியின் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை வைக்கிறார்கள். 2006இல் வந்த லைக்கா எம்8 கமராவில் அந்தக் கண்ணாடி மிக மெல்லியதாக இருந்ததால் கறுப்புத் துணிகள் ஊதாவாகப் பதிவாயின. நிறுவனம் தடுப்பு வடிகட்டிகளை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அகச்சிவப்பு எடுப்பவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கமராவைத் திறந்து தடுப்புக் கண்ணாடியை அகற்றிவிடுகிறார்கள். அகற்றாமலும் எடுக்கலாம். 720 நானோமீற்றர் வடிகட்டியை லென்சில் மாட்டி, கமராவை முக்காலியில் வைத்து, சில விநாடிகள் திறந்துவைக்க வேண்டும். காற்றில் இலை அசைந்தால் படம் கலங்கும். கைச்செலவு குறைய வேண்டுமென்றால், ஒளிபடாமல் கழுவிய ஸ்லைட் பிலிமின் கறுப்பு நுனியே அகச்சிவப்பை விட்டு மற்றதைத் தடுக்கும்.

வடிகட்டியின் எண், அதாவது அது ஒளியை விடத் தொடங்கும் அலைநீளம், நிறத்தைத் தீர்மானிக்கிறது. 590 என்றால் செம்மஞ்சளும் சிவப்பும் அகச்சிவப்போடு சேர்ந்து நுழையும். இலைகளைப் பொன்னிறமாக்க இடம் உண்டு. 720இல் சிறிதளவே நிறம் மிஞ்சும். 850க்கு மேல் உணரியின் சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள் மூன்றும் ஒளியை ஒரே அளவில் விடுவதால் நிறவேறுபாடே அற்று, தூய கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும்.

720இல் எடுத்த படம் முதலில் முழுச் சிவப்பாகத் திறக்கும். கமரா பதிந்த மூலத்தரவான ரோ கோப்பில் வெள்ளைச் சமநிலையை இலைமீது வைத்துச் சரிசெய்தால் இலை வெளிறி, வானம் செம்பழுப்பாகும். பல மென்பொருள்களின் அளவுகோல் 2,000 கெல்வினோடு நின்றுவிடுவதால் இதற்கென்று தனி நிறக்கோப்பு செய்துகொள்ள வேண்டியிருக்கும். அடுத்து சிவப்பு, நீல அலைவரிசைகளை இடம் மாற்றினால் வானம் நீலமாகும். இலையில் மிஞ்சிய மெல்லிய நிறத்தை மஞ்சளுக்கோ ரோசாவுக்கோ திருப்பலாம். நீலவானம் தரும் இந்த இடமாற்றம் அழகானதுதான். ஆனால் எல்லோரும் அதையே செய்வதால் வேறு வழிகள் மறக்கப்படுகின்றன. பச்சையை இடம் மாற்றிப் பார்ப்பதும், இரு வடிகட்டிகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கி ஏரோக்ரோமின் அமைப்பை மீட்பதும் அதிக உழைப்பும் அதிக பலனும் உள்ளவை.

கேகாலையின் மலைகளில்

ஜனவரி முதல் மார்ச் வரை இறப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும். அப்போது மொட்டைக் கிளைகள் உள்ள மலை அகச்சிவப்பில் கறுத்தும், இலை உதிராத அயல்தோப்பு வெளுத்தும் நிற்கும். செம்பு நிறத் தளிரைத் தரும் சாயம் பச்சை ஒளியையே உறிஞ்சுகிறது, அகச்சிவப்பை விட்டுவிடுகிறது. ஆகவே கண்ணுக்குச் செம்பாகத் தெரியும் தளிரும் படத்தில் வெளிறியே தோன்றும்.

இலையை மட்டுமல்ல, இலையிழந்த மண்ணையும் அகச்சிவப்பு காட்டும். 2016 மே 17இல் பெருமழையின்போது இம்மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுப்பான தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தின்மீது மண் விழுந்தது. முந்திய ஆண்டு ஏவப்பட்ட சென்டினல்-2ஏ செய்மதியின் 842 நானோமீற்றர் பட்டை, 10 மீற்றர் நுணுக்கத்தில் இத்தகைய சரிவுகளைக் காட்டவல்லது. அகச்சிவப்பைச் சிவப்பாக வைத்த கலவையில் காடும் தோட்டமும் சிவந்திருக்க, உரிந்த மண் வெளிர்நீலச் சாம்பல் தழும்பாகத் தெரியும். மேகம் மூடியிருக்கும் நாள்களில் இது உதவாது. அப்போது ரேடார் செய்மதிதான் துணை. மேகம் விலகிய பின் எடுக்கும் படங்களில், அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரச் சுட்டெண். தழும்பின்மேல் புல்லும் செடியும் எவ்வளவு மூடியிருக்கின்றன என்பதை அந்த எண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு அறியலாம். புல் மூடியதால் மட்டும் அந்தச் சரிவு குடியிருக்கத் தகுந்ததாகிவிடாது; அதற்கு மண்ணையும் நீரோட்டத்தையும் நேரில் சோதித்தே முடிவு சொல்ல முடியும்.