நாள்வழி ஏடும் கணினிப் பதிவேடும்

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், அன்றாட வரவு செலவை ஏட்டில் எழுதி வைத்தனர். ஐயம் எழுந்தால் ஏட்டைப் புரட்டி, வேண்டிய பற்றுவரவை மட்டும் பொறுக்கி எடுப்பர். கணினிக்கும் அத்தகைய ஏடு உண்டு. யார் நுழைந்தார், எப்பொழுது நுழைந்தார், என்ன கேட்டார் என்பவற்றை அது நேரங் குறித்து வரி வரியாகப் பதிகின்றது.

இலட்சக்கணக்கான வரிகளில் வேண்டியதைக் காண்பது எங்ஙனம்? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ஆக்கி, 1973-இல் யூனிக்ஸில் இடம்பெற்ற 'கிரெப்' என்னும் கட்டளை அதற்கு வழி வகுத்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் வரும் வரிகளை மட்டும் அது சலித்துத் தரும். 'டெயில்' என்னும் கட்டளையோ ஏட்டின் கடைசி வரிகளைக் காட்டும். 1980-களில் எரிக் ஆல்மன் அமைத்த 'சிஸ்லாக்' முறை, பல நிரல்களின் குறிப்புகளை ஒருங்கே சேர்க்க உதவிற்று.

இப்பதிவுகளின் அருமையைச் சிங்கப்பூர் 2018-இல் உணர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. ஜூலை 4 அன்று, தரவுத்தளத்தைக் காத்துவந்த அலுவலர் ஒருவர் வழக்கத்திற்கு மாறான வினவல்களைக் கண்டு தடுத்தார். பகைவர் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே புகுந்துவிட்டமை பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. 2018 ஜூனில் தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் கண்ணிற் பட்டிருந்தும், அவற்றின் பொருள் உரிய காலத்தில் உணரப்படவில்லை.

கட்டளை வரிகளைச் சலித்துத் தரும். அவற்றுள் கள்வனின் சுவடு எதுவெனத் தெளிவது, படிப்பவரின் பயிற்சியைப் பொறுத்ததாகும்.