கீழ்க்காய்நெல்லி கண்ட சோதனை

பதுளை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலே காமாலை கண்டவனுக்கு முதலில் தேடப்படுவது கீழ்க்காய்நெல்லியே. லயத்து வாசலிலும் தேயிலை நிரையோரத்திலும் கேட்பாரின்றி முளைத்துக் கிடக்கும் சிறு செடி அது. வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரிற் கலக்கி வெறும் வயிற்றிற் கொடுப்பர். சில வாரங்களிற் கண்ணின் மஞ்சள் தெளியும். பச்சிலையின் மகிமையே மகிமை என்பர் பெரியோர்.

ஆனால், காமாலை தனியொரு நோயன்று. பல நோய்களின் குறி. அசுத்த நீரால் வரும் 'ஏ' வகை ஈரல் அழற்சி பெரும்பாலும் மருந்தின்றியே தீர்ந்துவிடும். அங்ஙனமாயின், தீர்த்தது செடியா, காலமா?

இதனை அறிதற்குரிய முறையைச் சென்னையிலே தியாகராஜன் குழுவினர் கையாண்டனர். அவர்கள் தெரிந்தெடுத்தது 'பி' வகைக் கிருமியை. உடலிலே ஆண்டுக்கணக்கில் தங்கி ஈரலைக் கெடுப்பது அது. அக்கிருமியுடையோரில் ஒரு சாராருக்குக் கீழ்க்காய்நெல்லி மருந்தையும், மறு சாராருக்கு மருந்தில்லாத போலிக் குளிகையையும் 30 நாள் கொடுத்தனர். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மற்றச் சாராரிலோ 23 பேரில் ஒருவரிடம் மாத்திரமே! 1988 இல் இலண்டன் 'லான்செட்' சஞ்சிகை இதனை வெளியிட்டது. 'பி' கிருமியைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளும்பேர்க்கின் பெயரும் கட்டுரையில் இருந்தது. தமிழ் வைத்தியத்துக்கு இதனினும் பெரிய பந்தி கிடைக்குமா?

இஃது ஆரம்ப ஆய்வே என்று ஆசிரியர்கள் எழுதியிருந்தனர். பெருமை பேசியோர் அவ்வரியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டவர் தொகை அறுபதே. 1990 இல் தாய்லாந்திலே அதே செடியைக் கொடுத்துப் பார்த்தபோது அப்பயன் கிட்டவில்லை. செடி வளர்ந்த மண் வேறு என்றனர் சிலர். ஒன்றுபோலத் தோன்றும் வெவ்வேறு இனங்கள் கலந்திருக்கலாம் என்றனர் வேறு சிலர். 2011 இல் கொக்ரேன் அமைப்பினர் இவ்வினச் செடிகள்பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து, போலிக் குளிகையிலும் இது மேலென்று நம்பத் தக்க சான்றில்லை என முடித்தனர். பயனே இல்லையென்று அவர்கள் சொன்னாரல்லர். நம் மேடைப் பேச்சாளர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகின்றனர்.

தோட்டத்து வாலிபர் இதில் அறியவேண்டியது ஒன்றுண்டு. எலிக்காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளிக்கும். அதற்கு மோர் குடித்துக் காத்திருக்க நாளில்லை. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

'பி' கிருமிக்கோ புளும்பேர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்தே தடுப்பூசி பிறந்தது. 2003 முதல் இலங்கைக் குழந்தைகளுக்கு அது போடப்பட்டு வருகிறது.